வைப்ரேட்டர்: மெதுவாகத் தொடங்குங்கள்

வைப்ரேட்டர் என்ற இன்பம் தரும் அதிர்வுக் கருவியை முதன்முதலில் வாங்கியபோது எடுத்த எடுப்பிலேயே அதிகபட்ச வேகத்தில் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அந்த இடம் மரத்துப்போனது. பயந்துபோனேன். கொஞ்ச நேரத்தில் உணர்வு திரும்பிவிட்டது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: மிகக் குறைந்த வேகத்தில், உள்ளாடைக்கு மேலேயே வைத்துத் தொடங்குங்கள். கிளிட்டோரிஸின் (யோனிக்கு மேலே உள்ள, உணர்வு மிக்க சிறு மொட்டு) மேல் நேராக அழுத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மரத்துப்போனால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது வழவழப்பு. உள்ளே செலுத்துவதானால் லூப்ரிகன்ட் இல்லாமல் வேண்டவே வேண்டாம். உராய்வில் தோல் கீறிவிடும். தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் எல்லாக் கருவிக்கும் பொருந்தும். சிலிக்கான் லூப்ரிகன்ட் சிலிக்கான் கருவியின் மேற்பரப்பைக் கெடுக்கலாம். தேங்காய் எண்ணெயும் கூடாதா என்றால், லேடெக்ஸ் ஆணுறை போட்டிருந்தால் கண்டிப்பாகக் கூடாது, கிழிந்துவிடும்.

வாங்கும்போது சிலிக்கானாகப் பாருங்கள். மெத்தென்ற ஜெல்லி வகைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்கும்.

ஆசனவாயில் பயன்படுத்துவதற்கு அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போய்விடும், எடுக்க மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே பயன்படுத்தியதைக் கழுவாமல் யோனிக்குக் கொண்டுவராதீர்கள். துணையோடு பகிர்ந்தால் கருவியின் மேல் ஆளுக்கொரு புது ஆணுறை போடுங்கள்.

வலியோ இரத்தமோ வந்தால் நிறுத்துங்கள். அது நிற்காமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள், கூச்சம் வேண்டாம்.

அப்புறம், ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும். நீர்புகாத வகை இல்லையென்றால் சார்ஜ் செய்யும் துளையில் தண்ணீர் படாமல் துடைத்து, நன்றாக உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள்.