மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்தபடியே இரண்டாவது ராக் ஆல்பத்தைப் பதிவு செய்வது எப்படி?

முதல் ஆல்பத்தின் பாடல்கள் பெரும்பாலும் பள்ளிப் பருவம் தொட்டுப் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவையாக இருக்கும். இரண்டாவதற்கு அத்தனை அவகாசம் யாருக்கும் வாய்ப்பதில்லை. அதனால் முன்பு ஒதுக்கிய பாடல்களைத் தூசு தட்டி எடுக்கத் தோன்றும். எடுக்க வேண்டாம்; அன்று ஒதுக்கியதற்குக் காரணம் இருந்திருக்கும். புதிதாக எழுதியவற்றை மட்டும் ஒற்றைக் கிதாருடன் கைப்பேசியில் பாடிப் பதிந்து, சில வாரங்கள் கழித்துக் கேளுங்கள். டிரம்ஸும், கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் இல்லாமலேயே நிற்கிற எட்டு, ஒன்பது பாடல்கள் போதும்.

எழுதும்போதே குறில் நெடிலைக் கவனிக்க வேண்டும். ராக் பாடலில் உச்சக் குரலில் இழுத்துப் பாடும் இடம் கட்டாயம் வரும். அங்கே குறில் விழுந்தால் ‘படம்’ என்று எழுதியது ‘பாடம்’ என்றே காதில் விழும். நீட்ட வேண்டிய சுரத்தில் ஆகாரமோ ஓகாரமோ அமைந்தால் வாயும் திறக்கும், குரலும் தாராளமாக வரும்.

செலவில் பெரும்பங்கை விழுங்குவது டிரம்ஸ்தான். அதற்கு மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவில் ஒரு நாள் ஸ்டூடியோ எடுங்கள். ஒவ்வொரு பாடலின் வேகத்தையும் முன்கூட்டியே முடிவு செய்து, தாளம் காட்டும் கிளிக் ஒலியுடன் பாடிய மாதிரிப் பதிவைக் கொண்டுபோனால், வாடகை ஓடிக்கொண்டிருக்கும் அறையில் உட்கார்ந்து பாட்டின் அமைப்பைப் பற்றி வாதிட நேராது.

குரலை வீட்டிலேயே பதியலாம். தோட்ட வீட்டின் தகரக் கூரையில் பிற்பகல் மழை இறங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஆகவே காலைப் பொழுதே உகந்தது. திருவிழாக் காலமென்றால் கோவில் ஒலிபெருக்கியையும் கணக்கில் சேர்த்து நாள் பார்க்க வேண்டும் (அம்மனிடம் போய் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல முடியாது). எதிரொலியை அடக்கப் பலர் மைக்குக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துகிறார்கள். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதே முக்கியம். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்து ஒலியையே அதிகம் வாங்கும். உங்களுக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. டைனமிக் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உரத்துப் பாடும் இடத்திலும் அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி பதியுங்கள். பதிந்த குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது. சொந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும்.

வரிக்கும் இசைக்கும் யாருக்கு எத்தனை பங்கு என்பதைக் குழுவினருடன் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடல் எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வடிவம் பெற்றதுமே உரிமை உண்டாகிவிடுகிறது. ஆயினும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவிடம் தன்விருப்ப அறிவிப்புக் கொடுத்து வைத்தால், தகராறு வரும்போது சான்றாக உதவும். வானொலியிலும் மேடையிலும் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமத்தொகை திரட்டும் எம்ஏசிபி அமைப்பில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் அங்கே பதிவு செய்த பிறகே ஆல்பத்தை வெளியிடுங்கள்.