எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள்: காலில் அடிபட்டால் செய்யக்கூடாதவை

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கோபி, அந்தியூர், பவானி என்று ஊருக்கு ஊர் கபடிப் போட்டிதான். ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும், விடியும்போது ஒரு பையனாவது காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்பதால் அந்தக் காலை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நான்தான். ஆட்டம் என்றால் அடிபடும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அடிபட்டதற்கு அப்புறம் செய்கிற காரியங்கள்தான் வயிற்றெரிச்சல். நாங்கள் ஆடிய காலத்தில் எல்லோரும் செய்த அதே தப்புகளை இன்றைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும் வரிசையாகச் செய்கிறார்கள். வார்ம்-அப் பண்ணு, நல்ல ஷூ போடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வீக்கம் வற்றியதும் களத்தில் இறங்குவது

எனக்கு இன்னும் ஆத்திரம் தீராதது இதில்தான்.

நல்ல ரைடர் ஒருவன், கல்லூரி இரண்டாம் வருஷம். பாடப் போய்விட்டுத் திரும்புகிறான், எதிரணியில் யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. பாதம் மேட் விரிப்பில் பிடித்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்ற பையனுக்கே கேட்டதாம். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி குரும்பை மாதிரி வீங்கிவிட்டது. காலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வீக்கம் குறைந்ததும் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்து காட்டச் சொன்னதை மட்டும் வீட்டில் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நாளில் என்னிடம் வந்து, “வீக்கமெல்லாம் வத்திருச்சுங்ணா, எக்ஸ்ரேயிலயும் ஒண்ணுமில்லைன்ட்டாங்க, ஞாயித்துக்கெழம ஆடறனுங்” என்றான். வேண்டாம் என்றேன். வேறு ஊர் டீமுக்குப் போய் ஆடிவிட்டான்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். எலும்போடு எலும்பை இழுத்துப் பிடிக்கிற லிகமென்ட்டோ, நடுவில் பாரம் தாங்குகிற மெனிஸ்கஸ் ஜவ்வோ தெரியாது. அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம், அதில் பாதிக்கு மேல் ஏசிஎல் என்கிற லிகமென்ட் அறுந்த கேஸாகத்தான் இருக்கும். அந்த ரத்தம் சில வாரத்தில் தானாக வற்றிவிடும். ஏசிஎல் இல்லாமலேயே நேராக நடக்கலாம், பலரால் நேராக ஓடவும் முடியும், அதனால்தான் பையன்கள் ஏமாறுகிறார்கள். சட்டென்று நின்று திரும்பும்போதுதான் அது தேவை. கபடியில் அதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

அப்படித் திரும்பும்போதெல்லாம் அவனுக்கு முட்டி நழுவியது. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை நசுக்கும். கடைசியில் ஒரு நாள் மடக்கிய கால் மடக்கியபடியே பூட்டிக்கொண்டது, நீட்ட வரவில்லை. லிகமென்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷனில் ஜவ்விலும் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் அவன் அப்பா மஞ்சள் விற்ற காசு அதற்கே போனது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போகிற கனவும் அதோடு நின்றது. வெட்டி எடுத்த ஜவ்வு திரும்ப வளராது, வயதாகும்போது தேய்மானம் சீக்கிரம் வரும்.

‘டப்’ சத்தம், உடனே வீக்கம், திரும்பும்போது நழுவுவது, முழுசாக நீட்ட முடியாமல் போவது, இதில் ஒன்று இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் இரண்டாவது தடவையும் போய்க் காட்டுங்கள், வீக்கம் குறைந்தபின் அவர் கையால் ஆட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் எடுங்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, சிலருக்கு முறையான உடற்பயிற்சியே போதும். ஆபரேஷன் செய்தால் குறைந்தது 9 மாதம் ஆட்டம் கிடையாது, அதற்கு அப்புறமும் அடிபட்ட காலின் பலம் அடுத்த காலில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். ஆறாவது மாதமே வந்து “நல்லாயிருச்சுங்ணா” என்கிறவர்களை நான் கோட்டுக்குள் விடுவதில்லை.

அன்றைக்கே சுளுக்கு எடுப்பது

கணுக்கால் பிசகினால் அமுச்சி (பாட்டி) எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிடுவார். பாசம்தான், ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் உருவினால் உள்ளே கசிகிற ரத்தம் கூடும், வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். அதைவிட மோசம், உடைந்த எலும்பைச் சுளுக்கு என்று நினைத்து நீவுவது. நாலு அடி நடக்க முடிகிறதா பாருங்கள். கணுக்கால் மொட்டின் பின்விளிம்பையும் நுனியையும், சுண்டுவிரலுக்கு நேர் பின்னால் பாதத்தின் நடு ஓரத்தையும், பாதத்தின் உள்பக்க மேட்டையும் எலும்பின்மேல் அழுத்திப் பாருங்கள். நடக்க முடியவில்லை என்றாலோ, அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ முதலில் எக்ஸ்ரே.

ஐஸ்

துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது

கட்டுப் போட்டபின் வலி கூடிக்கொண்டே போனால், விரல் மரத்தாலோ சில்லிட்டாலோ நிறம் மாறினாலோ, கட்டை அப்போதே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருந்து கால் போனவர்கள் உண்டு.

வலி ஊசி போட்டுக்கொண்டு ஃபைனல் ஆடுவது

கூடாது.

கெண்டைக்கால் பிடிப்பு என்று விட்டுவிடுவது

இது திருப்பூர், கோவைப் பக்கம் வேலை முடிந்து ஷட்டில் ஆடுகிற 35 வயதுக்கு மேற்பட்ட அண்ணன்களுக்கு. ஆடும்போது பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேல் ஓங்கி அடித்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அது குதிகால் தசைநார் அறுந்ததாக இருக்கலாம். கொஞ்சம் நொண்டி நடக்க முடிவதால் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள், நாள் போகப் போக அதைச் சேர்ப்பது கஷ்டம். பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்குகிற மாதிரி குப்புறப் படுத்து, கெண்டைச் சதையை ஒருவரை அமுக்கச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் உள்ளங்கால் பக்கமாக அசையும், அறுந்த காலில் அசையாது. அசையவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், மாவுக்கட்டு போட்டு வாரக்கணக்கில் படுத்திருந்தவருக்குக் கெண்டைக்கால் புதிதாக வீங்கி, சூடாகி வலித்தால் அதை யாரும் அமுக்கிவிடக் கூடாது. ரத்தக்கட்டி இருக்கலாம், அமுக்கினால் நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108.