வழக்கறிஞர் இல்லாமல் தொடுக்கப்பட்ட அடிப்படையற்ற வழக்கை எதிர்கொள்வது எப்படி? டர்பன் வாசகர்களுக்கான செய்முறை விளக்கம்

சாட்ஸ்வொர்த்தின் பழைய இரட்டை வீடுகளில் ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தச் சுவரால் மூண்ட மனத்தாங்கலில், பக்கத்து வீட்டுக்காரர் தாமே எழுதிய பன்னிரண்டு பக்க அழைப்பாணையை டர்பன் உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்து, ஷெரிப் (நீதிமன்ற ஆவணங்களைச் சேர்ப்பிக்கும் அலுவலர்) மூலம் உங்களிடம் சேர்ப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் குடும்பத்தைப் பற்றிய வசைகள் நிறைந்திருக்கின்றன. இழப்பீடாக 5 லட்சம் ரேண்ட் கேட்கப்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் எந்த நாளில் என்ன தவறு செய்தீர்கள் என்பது மட்டும் எங்கும் இல்லை. இது நிற்காத வழக்கு என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் நிற்காத வழக்கும் தானாக விழுந்துவிடுவதில்லை. பிரதிவாதி பேசாமல் இருந்துவிட்டால், அவர் இல்லாமலேயே தீர்ப்புக் கேட்க வாதிக்கு உரிமை உண்டு.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

அழைப்பாணை கைக்கு வந்த நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். வழக்கை எதிர்க்கப் போகிறீர்கள் என்ற அறிவிப்பை 10 நீதிமன்ற நாட்களுக்குள் வாதிக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. நம்மவர்கள் தவறிவிடுகிற இடம் ஒன்று உண்டு: தீபாவளியும் தைப்பூசமும் தென்னாப்பிரிக்காவில் பொது விடுமுறை நாட்கள் அல்ல, ஆகவே காவடி எடுத்த நாளும் நீதிமன்றக் கணக்கில் ஒரு நாளே. இந்த அறிவிப்பில் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. எதிர்க்கிறேன் என்று தெரிவித்தால் போதும். விரிவான எதிர்வாதத்துக்கு அதன் பிறகு 20 நீதிமன்ற நாட்கள் கிடைக்கும்.

இரண்டாம் படி: மோசமாக எழுதப்பட்டதா, அடிப்படையே இல்லாததா?

இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே அமையும். அரசியல் சாசனத்தின் 34ஆம் பிரிவு, தம் வழக்கை நீதிமன்றத்தில் சொல்லும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. சட்டம் படிக்காதவர் எழுதிய ஆவணத்தைத் தாராள மனத்தோடும் அவருக்குச் சாதகமாகவும் படிக்க வேண்டும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2003இல், ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு எதிராகத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் கூறியது. எனவே எழுத்துப் பிழையையோ, தவறான தலைப்பையோ, குழப்பமான வரிசையையோ காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டால் நீதிபதி இசையமாட்டார். அது நியாயமும்கூட: நம் முன்னோர்களில் பலர், ஒப்பந்தக் கூலிகளாக இருந்த காலத்தில், தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட காகிதங்களில் கைநாட்டு வைத்தவர்கள், பணமில்லாத ஒருவர் தட்டுத்தடுமாறி எழுதிய புகாரை அவர்களுடைய பிள்ளைகளாகிய நாம் ஏளனமாகப் படிக்கக் கூடாது.

ஆகவே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வசைகளை எல்லாம் விட்டுவிட்டு, வாதி சொல்லும் நிகழ்வுகளை மட்டும் எழுதுங்கள். அவர் சொல்வதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டால், சட்டப்படி நீங்கள் அவருக்கு ஏதேனும் தர வேண்டியிருக்குமா? ஆம் என்றால், அது எவ்வளவு மோசமாக எழுதப்பட்டிருந்தாலும் வழக்குதான். எதிர்வாதத்தைத் தயார் செய்யுங்கள். இல்லை என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: சரியான ஆட்சேபத்தைத் தேர்ந்தெடுங்கள்

உயர் நீதிமன்ற விதி 23இன் கீழ் எழுப்பும் ஆட்சேபத்துக்கு இங்கே ‘எக்செப்ஷன்’ என்று பெயர். வழக்குரையில், அதாவது வாதி தம் கோரிக்கையை விளக்கி எழுதிய ஆவணத்தில், வழக்குக்கான காரணமே இல்லாதபோதும், பதில் சொல்ல முடியாதபடி அது தெளிவற்றிருக்கும்போதும் இதை எழுப்பலாம். தெளிவின்மையைக் காட்டுவதாக இருந்தால், வழக்குரை கிடைத்த 10 நாட்களுக்குள் வாதிக்கு அறிவிப்புக் கொடுத்து, குறையைத் திருத்த 15 நாட்கள் அவகாசம் தர வேண்டும். அவர் திருத்தாவிட்டால்தான் ஆட்சேபம் நீதிபதியிடம் போகும். வசைப் பகுதிகளை மட்டும் நீக்கக் கேட்கவும் அதே விதி இடம் தருகிறது.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய பிழை, எக்செப்ஷனில் தம் சாட்சியங்களைச் சேர்ப்பது. சுவரை நான் இடிக்கவில்லை, என்னிடம் புகைப்படம் இருக்கிறது என்று இந்தக் கட்டத்தில் சொல்ல முடியாது. வாதியின் கூற்றை உண்மை எனக் கொண்டே நீதிமன்றம் முடிவெடுக்கும். எக்செப்ஷன் வெற்றி பெற்றாலும் பெரும்பாலும் வழக்கு அன்றே முடிவதில்லை. வழக்குரையைத் திருத்த வாதிக்கு வாய்ப்புத் தருவதே வழக்கம். அதையும் அவர் பயன்படுத்தாதபோது தள்ளுபடி கோரலாம். மூன்று ஆண்டுகள் கடந்ததால் கடன் காலாவதியாகிவிட்டது, அல்லது இதே பிணக்கில் ஏற்கெனவே இறுதித் தீர்ப்பு வந்துவிட்டது என்பன போன்ற காரணங்களைச் சிறப்பு எதிர்வாதமாகத் தனியே எழுப்ப வேண்டும்.

நான்காம் படி: மீண்டும் மீண்டும் வழக்குத் தொடுப்பவர்

ஒரே பிணக்கைப் பெயர் மாற்றி, நீதிமன்றம் மாற்றித் தொடுத்துக்கொண்டே இருப்பவருக்கு 1956ஆம் ஆண்டின் தொல்லை வழக்குகள் சட்டம் இருக்கிறது. நியாயமான காரணமின்றி அவர் விடாமல் வழக்குத் தொடுக்கிறார் என்று உயர் நீதிமன்றத்தில் நிறுவினால், இனி முன் அனுமதி இல்லாமல் எந்த நீதிமன்றத்திலும் அவர் வழக்குத் தொடுக்கக் கூடாது என்ற ஆணையைப் பெறலாம். அந்த ஆணை அரசிதழில் வெளியாகும். மீறுவது நீதிமன்ற அவமதிப்பு. இது 34ஆம் பிரிவுக்கு முரணானதல்ல என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது, ஏனெனில் கதவு அடைக்கப்படுவதில்லை: வழக்கில் முகாந்திரம் இருப்பதைக் காட்டினால் அனுமதி கிடைக்கும். ஒரே ஒரு வழக்குக்காக இந்தச் சட்டத்தை நாடாதீர்கள். பழைய வழக்குகளின் எண்களும் தீர்ப்புகளும் கையில் இல்லாமல் மனு நிற்காது.

சிறு வழக்கு நீதிமன்றம்

20,000 ரேண்டுக்கு உட்பட்ட கோரிக்கை சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால் மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் பொருந்தா. அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது. அங்கே தீர்ப்பு வழங்கும் கமிஷனரே கேள்வி கேட்டு உண்மையை அறிவார். குறித்த நாளில் ரசீது, புகைப்படம், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றோடு நேரில் போங்கள். அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, நடைமுறைக் குறை இருந்தால் மறுஆய்வு மட்டுமே கோரலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் லீகல் எய்ட் அலுவலகத்தையோ குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். பத்து நாட்களில் எட்டு கழிந்த பின் அல்ல, அழைப்பாணை வந்த வாரத்திலேயே, நாள் குறித்து வைத்த அந்தத் தாளோடு போங்கள்.