ஜூலை 4: வாணவேடிக்கைக்கு மட்டும் போகாதீர்கள்

ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு வருகிறவர், இரவு வாணவேடிக்கை தொடங்கும்போது வந்து இறங்கி, கடைசி அவுட்டு வெடித்ததும் பஸ் ஏறிவிட்டால், அவர் திருவிழா பார்த்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காப்புக் கட்டியது, தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்தது, வெயிலில் நின்று தேர் வடம் பிடித்தது எல்லாம் சேர்ந்துதான் திருவிழா. அமெரிக்கச் சிற்றூர்களின் ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டமும் அப்படிப்பட்டதுதான். ஆனால் புதிதாக வந்து குடியேறும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை அதை அந்த அரை மணி நேர வெளிச்சமாகவே பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றன.

மாசசூசெட்ஸில் நாங்கள் குடியேறிய முதல் ஆண்டு நானும் அதைத்தான் செய்தேன். இரவு எட்டே முக்காலுக்குக் காரை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனோம். ஒன்பதரைக்கு வாணவேடிக்கை தொடங்கியது, பத்துக்கு முன்பே முடிந்தது, வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. மகள் பின்னிருக்கையில் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று, "காலையில் உங்களைக் காணவில்லையே" என்று கேட்டார். ஊரே காலையிலிருந்து அங்கே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊருக்கு ஊர் நேரம் மாறினாலும் அந்த நாளின் அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. காலையில் தீயணைப்பு நிலையத்திலோ தேவாலயத்திலோ பேன்கேக் சாப்பாடு. பத்து மணி வாக்கில் அணிவகுப்பு. பிறகு பூங்காவில் சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், ஊர் பேண்டு வாத்தியம். மாலையில் புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பாடு. வட மாநிலங்களில் அந்த நாட்களில் சூரியன் மறையவே எட்டரை ஆகிவிடும் என்பதால் வாணவேடிக்கை ஒன்பதுக்கு மேல்தான் தொடங்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பகல் தூக்கத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதே பாதி வெற்றி.

நாளையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா ஊரும் 4-ஆம் தேதியே கொண்டாடுவதில்லை. சில ஊர்கள் 3-ஆம் தேதி இரவிலும், சில அதையொட்டிய வார இறுதியிலும் வைத்துக்கொள்கின்றன. மழை வந்தால் என்று மாற்றுத் தேதி ஒன்றும் அறிவித்திருப்பார்கள். 2026 ஜூலை 4 சனிக்கிழமை. சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 ஆண்டுகள் நிறைகிற நாள் அது. அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை; கொண்டாட்டம் எந்த நாளில் என்பதை ஊர் அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதைக் கொண்டாடுகிறார்கள்?

வெள்ளைக்காரன் வெளியேறிய நாள் என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்க்கிறேன். ஆகஸ்ட் 15-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு சொல்வது அது. 1776 ஜூலை 4 அன்று யாரும் எங்கும் போகவில்லை. போர் அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. பாரிஸ் உடன்படிக்கையோடு அது முடிந்தது 1783-இல். பிலடெல்பியாவில் கூடியிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ், "நாங்கள் இனித் தனி நாடு" என்று எழுதிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட நாள்தான் ஜூலை 4. நம் வரலாற்றில் இதற்கு நெருக்கமான நாளைத் தேடினால், இந்திய தேசிய காங்கிரஸ் பூரண சுயராஜ்யம் என்று அறிவித்து உறுதிமொழி எடுத்த 1930 ஜனவரி 26-ஐத்தான் சொல்ல வேண்டும். வெற்றி கைக்கு வருமுன்பே, தோற்றால் தூக்குக் கயிறு என்று தெரிந்தே சொன்ன சொல் என்பதால்தான் ஜூலை 4-க்கு இத்தனை மதிப்பு.

விடுதலைக்கான வாக்கெடுப்பு உண்மையில் ஜூலை 2-ஆம் தேதியே நடந்துவிட்டது. அந்தக் காங்கிரஸின் உறுப்பினரும் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவருமான ஜான் ஆடம்ஸ் மறுநாள் தன் மனைவி அபிகெயிலுக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத் தலைமுறைகள் ஜூலை இரண்டாம் தேதியை ஊர்வலமும் விளையாட்டும் மணியோசையும் சொக்கப்பனையும் ஒளி அலங்காரமுமாகக் கொண்டாடும் என்றார். தேதி இரண்டு நாள் தவறியது; மற்றதெல்லாம் அப்படியே பலித்தது. அதே ஆடம்ஸும், பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனும் சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1826 ஜூலை 4 அன்று ஒரே நாளில் இறந்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமையில் வரும் மெமோரியல் டேயை இதோடு குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அது போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அன்று ராணுவக் குடும்பத்தாரிடம் போய் மகிழ்ச்சியாக வாழ்த்துச் சொன்னால் அவர்கள் மனம் சங்கடப்படும். ஜூலை 4 அன்று தாராளமாக வாழ்த்தலாம்.

அணிவகுப்பும் கொடியும்

அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் வரும் பெருநகர ஊர்வலம்போல் எதிர்பார்த்து, "இவ்வளவுதானா" என்று பாதியில் கிளம்புகிறவர்கள் உண்டு. பள்ளிக்கூட பேண்டு, பழைய டிராக்டர்கள், நாலைந்து தீயணைப்பு வண்டிகள், சக்கரத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய குழந்தைகளின் சைக்கிள்கள், கூரையில்லாத காரில் முதிய படைவீரர்கள். அதுதான் அணிவகுப்பு. நடக்கிறவருக்கும் பார்க்கிறவருக்கும் ஒருவரையொருவர் தெரியும், அதில்தான் அதன் சுவை. ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் என்னும் சிற்றூர் 1785 முதல் இந்த நாளைக் கொண்டாடி வருகிறது. அணிவகுப்பு போகும் சாலையின் நடுக்கோட்டையே அங்கே சிவப்பு, வெள்ளை, நீலமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

சாலையோரத்தில் முதல் நாள் இரவே வைத்துவிட்டுப் போன மடக்கு நாற்காலிகள் காலியாக இருக்கும். அவற்றில் உட்காராதீர்கள், நகர்த்தவும் செய்யாதீர்கள். தேர்முட்டியருகே துண்டு போட்டு இடம்பிடித்த மாதிரிதான் அதுவும். நீங்களும் வைக்க விரும்பினால் எப்போதிலிருந்து வைக்கலாம் என்று ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஊர்களில் அதற்கு விதி உண்டு.

வண்டிகளிலிருந்து மிட்டாய் எறிவார்கள். இதில்தான் எனக்கு மிகுந்த பயம். எறிகிற மிட்டாய் நடைபாதை விளிம்பைத் தொடாமல் சாலையிலேயே விழும். குழந்தை குனிந்து அதை எடுக்கும்போது பின்னால் வருகிற தீயணைப்பு வண்டியின் ஓட்டுநருக்கு அந்தத் தலை தெரியாது. விளிம்பில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டி விழுவது நமக்கில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கோடு போடுவதே இப்போது மகளின் வேலை.

அணிவகுப்பின் முன்னால் தேசியக் கொடி வரும்போது கூட்டம் எழுந்து நிற்கும். தொப்பிகள் கழலும், வலக்கை நெஞ்சுக்குப் போகும். விசாவில் இருக்கும் நாமும் கையை நெஞ்சில் வைக்க வேண்டுமா, வைத்தால் பொய்யாகுமா, வைக்காவிட்டால் மரியாதைக் குறைவா என்று பலர் தவித்து, கடைசியில் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துச் சமாளிக்கிறார்கள். அந்தத் தவிப்பே வேண்டாம். வேற்று நாட்டுக் குடிமக்கள் நிமிர்ந்து அசையாமல் நின்றால் போதும் என்று கொடிச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் மடிமேல் கொடிக்கம்பைச் சாய்த்துப் பிடித்தபடி வருவதைப் பார்த்தார். "எழுந்து நில்லுங்கள் அம்மா" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். அந்த முதியவர் எங்கள் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டுப் போனார்.

அதே கொடிச் சட்டம், கொடியை உடையாக அணியக்கூடாது, காகிதக் கைத்துடைப்பான்போல் தூக்கியெறியும் பொருளில் அச்சிடக்கூடாது என்றும் சொல்கிறது. கடைகளில் இவை குவிந்து கிடக்கின்றன, வாங்கினால் தண்டனை எதுவும் இல்லை. ஆனாலும் தெரிந்தபின் எனக்கு அதில் கை துடைக்க மனம் வருவதில்லை. நட்சத்திரமும் கோடும் இல்லாத வெறும் மூன்று நிறக் காகிதம் வாங்கினால் கண்ணுக்கும் அழகு, யாரையும் புண்படுத்தாது. கொடியைச் சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால் நட்சத்திரங்கள் பார்ப்பவரின் இடப்பக்கம் மேலே இருக்க வேண்டும். குழந்தைகள் கையில் கொடுத்த சின்னக் கொடிகள் புல்லில் கிடந்தால் பொறுக்கி எடுத்துக்கொண்டு வாருங்கள். நைந்துபோன கொடிகளைப் படைவீரர் சங்கங்கள் வாங்கிக்கொண்டு மரியாதையோடு எரிக்கின்றன.

தீபாவளிக் கை

வெடியும் மத்தாப்பும் நமக்குப் புதிதல்ல என்ற துணிச்சலில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். முதலில் சட்டம். மாசசூசெட்ஸில் தனியார் எந்த வெடியும் கொளுத்தக்கூடாது, கம்பி மத்தாப்புகூடக் கூடாது. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் கடையில் விற்கிறார்களே என்று வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினாலே குற்றம். வேறு மாநிலங்களில் விதி வேறு, ஒரே மாநிலத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறு. விசாவில் இருப்பவர் போலீஸ் வழக்கை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

அனுமதி உள்ள ஊரிலும் கம்பி மத்தாப்பைக் குழந்தைக்குரியது என்று நினைப்பது பெரிய பிழை. அது எரியும் வெப்பம் சுமார் 1,100 டிகிரி செல்சியஸ். தண்ணீர் கொதிப்பது 100-இல். ஒளி அணைந்த பிறகும் கம்பி சுடும். செருப்பில்லாத கால்கள் ஓடும் புல்லில் அதைப் போட்டால் மிதிப்பது உறுதி. வாளியில் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பியை உடனே அதில் போடுங்கள். நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம், பருத்தி போதும். வெடிக்காமல் புஸ்ஸென்று அணைந்த வாணத்தைக் குனிந்து பார்ப்பதும், மறுபடி பற்றவைப்பதும் கண்ணைப் பறிக்கும் வேலை. 20 நிமிடம் விட்டுவிட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள்.

சத்தத்தால் துன்பப்படுகிறவர்களும் நம் தெருவில் இருக்கிறார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய சிலருக்கு, அறிவித்த நேரத்தில் ஊர் நடத்தும் வாணவேடிக்கையைவிட, 2-ஆம் தேதி நள்ளிரவில் எங்கிருந்தோ திடீரென்று வெடிக்கும் ஒற்றை வெடிதான் கொடுமை. நாட்டுக்காகப் போனவரை நாட்டின் பெயரால் நடுங்கவைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. நாய் வளர்ப்பவர்கள் அதைப் பூங்காவுக்கு அழைத்து வராமல், வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடத்திவிட்டு, கழுத்துப்பட்டையில் பெயரும் எண்ணும் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, ஜன்னல் சாத்திய அறையில் விட்டு வாருங்கள். மிரண்டு ஓடித் தொலையும் நாய்கள் இந்த இரவில் ஏராளம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம்தான். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் போன வெயிலில் சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. தயிர்சாதம் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். சைவர்கள் வேகவைத்த பீன்ஸில் பன்றி இறைச்சியும், மார்ஷ்மெல்லோவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கோடையில் வந்து தங்கும் பெற்றோருக்குக் காலை அணிவகுப்பே ஏற்றது. முதுகுச் சாய்வுள்ள நாற்காலி, குடை, தண்ணீர், அருகில் கழிப்பறை எங்கே என்ற விவரம், இந்த நான்கும் இருந்தால் அவர்கள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ரசிப்பார்கள். வாணவேடிக்கையை மைதானத்தில் போய்ப் பார்க்காமல், ஒரு கிலோமீட்டர் தள்ளி மேட்டிலிருந்து பார்த்தால் புகையும் இல்லை, நெரிசலும் இல்லை. இடி கேட்டால் மரத்தடிக்குப் போகாமல் காருக்குள் போய், கடைசி இடியிலிருந்து அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள்.

நாட்டுப்பற்று என்றால் எல்லாரும் ஒரே மாதிரி மகிழ்வது என்று எண்ணிக்கொண்டு போவதும் தவறு. பிரகடனம் எழுதப்பட்டபோது அடிமைகளாக இருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் நின்று, அடிமைக்கு உங்கள் ஜூலை 4 என்ன பொருள் தருகிறது என்று கேட்டார். அந்த உரையை மாசசூசெட்ஸ் ஊர்கள் பலவற்றில் ஜூலை 4-ஐ ஒட்டி மக்கள் கூடி, ஆளுக்கொரு பத்தியாக உரக்க வாசிக்கிறார்கள். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், உச்சரிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஜெஃபர்சன் வாழ்ந்த மான்டிசெல்லோவில் ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று புதியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் விழாவும் நடக்கிறது. இவற்றில் ஒன்றுக்காவது போனவருக்கு அன்றிரவு வானத்தைப் பார்க்கும்போது வேறு ஏதோ தோன்றும்.

5-ஆம் தேதி காலையில் மைதானத்தைக் கூட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். எரிந்த அட்டைக் குழாய்கள், பாட்டில் மூடிகள், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. எட்டு மணிக்குக் கையுறையும் பையும் கொடுக்கிறார்கள், காபியும் உண்டு. இரண்டாம் ஆண்டு அங்கே போனபோது, வேலியோரம் நின்று கேட்ட அந்தப் பெரியவர்தான் பை கொடுத்துக்கொண்டிருந்தார்.