பக்க எண்ணோடு போங்கள்: வானொலியில் எழுத்தாளரோடு பேசுவது எப்படி

வானொலியில் ஒரு நூலாசிரியரோடு பேசப் போகிறீர்கள் என்றால் முதல் வேலை, புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை வாசிப்பது. பின்னட்டையும் பதிப்பகம் அனுப்பும் குறிப்பும் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. அந்தக் குறிப்பிலிருந்து எழக்கூடிய கேள்விகளை எல்லோரும் அவரிடம் கேட்டு முடித்திருப்பார்கள். அவரும் விடைகளைத் தயாராக வைத்திருப்பார். நேயருக்கு மிஞ்சுவது ஆறிப்போன பேச்சு.

தென் கலிஃபோர்னியாவின் கேசிஆர்டபிள்யூ வானொலியில் 1989 முதல் ‘புக்வோர்ம்’ நிகழ்ச்சியை நடத்திய மைக்கேல் சில்வர்பிளாட், விருந்தினரின் முந்தைய நூல்களையும் வாசித்துவிட்டு வந்து உட்காருவதற்குப் பேர்போனவர். வாரா வாரம் நிகழ்ச்சி செய்பவர் எல்லோருக்கும் அது கைகூடாது. புதிய நூல் முழுவதும், பழைய நூல் ஒன்று, அவர் முன்பு கொடுத்த பேட்டிகளில் இரண்டு மூன்று. இதற்குக் கீழே நான் இறங்குவதில்லை. பழைய பேட்டிகளைக் கேட்பதற்கு ஒரே காரணம்தான்: எந்தெந்தக் கதைகளை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்வது.

வாசிப்பை இரண்டு தடவையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பென்சில் வேண்டாம். கதை இழுத்த இழுப்புக்குப் போங்கள். இரண்டாம் தடவை மூன்று விதமான இடங்களைக் குறியுங்கள். உங்களை நிறுத்தி வைத்த வரி. உங்களுக்கு நம்பிக்கை வராத வரி. வாய்விட்டுப் படிக்கத் தோன்றிய வரி. பக்க எண்களைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளில் பெரும்பகுதி அந்தத் தாளிலிருந்து வரவேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? “உங்கள் நாவலில் பெண்களின் துயரம் ஆழமாகப் பதிவாகியிருக்கிறதே, அதுபற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எழுத்தாளர் பெண்களின் துயரம் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். நாவல் காணாமல் போய்விடும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அம்மா கதவைத் தாழிடுகிறாள். நாலு வரி கழித்து எழுந்துபோய்த் தாழை நீக்கிவிட்டு வந்து படுக்கிறாள். யாரும் வரவில்லை. அவள் யாரை எதிர்பார்த்தாள்?” எழுத்தாளர் கொஞ்ச நேரம் பேசமாட்டார். அவருக்கே அது புதிய கேள்வி. அந்த இடத்தில்தான் உரையாடல் தொடங்குகிறது. நேயருக்கும் அம்மாவும் கதவும் தாழும் கண்ணில் தெரிகின்றன. அவர் இன்னும் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்கமாட்டார். அதை ஒரு நொடிகூட மறக்கக்கூடாது. எனவே எந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டாலும் அதை இரண்டு வரியில் நீங்களே நேயர் முன் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முடிவை மட்டும் வெளியே விடாதீர்கள். எந்த அத்தியாயத்துக்கு அப்பால் போகக்கூடாது என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே எழுத்தாளரோடு பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

பிபிசி வானொலி 4-இல் 1998-இல் தொடங்கிய ‘புக்கிளப்’ வேறு வழியைப் பிடித்தது. அங்கே எழுத்தாளரைச் சுற்றி உட்காருபவர்கள் நூலை வாசித்துவிட்டு வந்த சாதாரண வாசகர்கள், கேள்விகளும் அவர்களுடையவை. உங்கள் நிலையத்தில் இடம் இருந்தால் செய்து பாருங்கள். ஆனால் வருகிறவர்களிடமும் பக்க எண்ணோடு வரச் சொல்லுங்கள்.

கட்டுரை நூல், ஆய்வு நூல், கருத்து நூல் என்றால் அணுகுமுறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். சம்பவங்களுக்குப் பதில் அங்கே வாதம் இருக்கும். நூலின் மைய வாதத்தை மூன்று வாக்கியத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் வாசிப்பு முடியவில்லை. பிறகு இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: “உங்கள் முடிவை மறுப்பவர்களின் வாதங்களில் எது உங்களை அதிகம் தொந்தரவு செய்தது?” “எழுதத் தொடங்கும்போது நம்பியிருந்த எதை, எழுதி முடிக்கும்போது கைவிட்டிருந்தீர்கள்?” யோசித்து எழுதியவர் யாராக இருந்தாலும் இவற்றுக்கு முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். புள்ளிவிவரங்களை நேயர் காதால் பிடித்துவைக்க முடியாது. ஒரு பேச்சுக்கு ஓர் எண் போதும். அதையும் ஒரு மனிதரின் ஒருநாள் வாழ்க்கையில் வைத்துச் சொல்லும்படி கேளுங்கள்.

கேள்விகளை முன்கூட்டி அனுப்பலாமா என்று புதியவர்கள் எப்போதும் கேட்கிறார்கள். நான் அனுப்புவதில்லை. எந்தெந்தப் பகுதிகளைத் தொடப்போகிறேன் என்பதைச் சொல்லிவிடுவேன். தன்வரலாறு என்றால் கூடுதலாக ஒன்று: எதைப் பேச அவருக்கு விருப்பமில்லை என்று கேட்டுவிடுங்கள். அந்த நூலில் வரும் மற்றவர்கள் உயிரோடு இருக்கலாம். அமெரிக்காவில் ‘ஃப்ரெஷ் ஏர்’ நிகழ்ச்சியை நடத்தும் டெர்ரி கிராஸ், கேள்வி அந்தரங்கத்தைத் தொட்டால் தடுத்துச் சொல்லிவிடுங்கள், வேறு பக்கம் போகலாம் என்று விருந்தினரிடம் முதலிலேயே சொல்லிவிடுவார். நானும் அதைப் பின்பற்றுகிறேன். இந்த வாக்குறுதி கிடைத்தவர்கள் பெரும்பாலும் கூடுதலாகவே மனம் திறக்கிறார்கள்.

இனி ஸ்டூடியோ. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதும் சத்தம் அதில் குறையும். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக், அதாவது குரல் தனியாகப் பதியும் ஒலித்தடம். ஒரே டிராக்கில் இரண்டு குரலும் போய்விட்டால் அவர் பேசும்போது நீங்கள் இருமியதைப் பிறகு எடுக்க வழியில்லை. பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெலை ஒட்டி இருந்தால் திடீரென்று வரும் சிரிப்புக்கும் இடம் இருக்கும். வளையல், சாவிக்கொத்து, கிரீச்சிடும் நாற்காலி மூன்றையும் முதலிலேயே கவனியுங்கள். எல்லோரும் உட்கார்ந்தபின், யாரும் பேசாமல், வெறும் அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் உதவும். எழுத்தாளர் தொலைவில் இருந்தால் இணையம் வழியாகப் பேசுங்கள். ஆனால் அவர் குரலை அவர் பக்கத்திலேயே தனியாகப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். போனில் இருக்கும் ஒலிப்பதிவுச் செயலிகூடப் போதும்.

ஒலியளவு பார்க்க ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லச் சொல்வதை விட்டுவிடுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தார் என்று கேளுங்கள். இயல்பான குரலின் அளவு கிடைக்கும், பதற்றமும் தணியும். அந்த நேரத்தில் புத்தகத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். நல்ல பதில் ஒலிப்பதிவுக்கு வெளியே வந்துவிட்டால் திரும்ப வராது. இரண்டாம் முறை சொல்லும்போது “அப்பவே சொன்ன மாதிரி” என்று ஆரம்பிப்பார். கேட்கும் நேயர் தன்னை யாரோ வெளியே நிறுத்திவிட்டதாக உணர்வார்.

அறிமுகத்தை முக்கால் நிமிடத்துக்குள் முடியுங்கள். விருதுப் பட்டியல் வேண்டாம். முதல் கேள்வி சின்னதாக, விடை சொல்லக்கூடியதாக இருக்கட்டும். “ஏன் எழுதுகிறீர்கள்?” என்பது அரை மணி நேரம் பழகிய பிறகு கேட்கவேண்டிய கேள்வி. ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்காதீர்கள். அவர் எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார். அவர் பேசும்போது ‘ம்ம்’ கொட்டவும் வேண்டாம். கண்ணாலும் தலையசைப்பாலும் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தால் போதும்.

அவர் முடித்ததும் மனத்துக்குள் மூன்றுவரை எண்ணுங்கள். புதியவர்களுக்கு இது மிகக் கடினம். மௌனம் வந்தால் நிகழ்ச்சியே விழுந்துவிட்டதாகப் பதறுவார்கள். அந்த மூன்று எண்ணுக்குள் பலமுறை எழுத்தாளர் மறுபடி பேசத் தொடங்குவார். முதலில் சொன்னது தயாராக இருந்த பதில். இரண்டாவதாக வருவது அப்போது யோசித்தது. தயாராக இருந்த கதையை அடையாளம் காண்பது எளிது. வாக்கியங்கள் தடுமாறாமல், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்போடு வந்து விழும். அப்போது மறுக்க வேண்டாம், அலுப்பையும் காட்டவேண்டாம். அந்தக் கதைக்குள்ளேயே போய் ஒரு நுணுக்கம் கேளுங்கள்: “அந்தக் கடிதத்தைப் பிரித்தபோது அறையில் வேறு யார் இருந்தார்கள்?” அவர் கதையை விட்டு நினைவுக்குள் இறங்கிவிடுவார்.

நூலிலிருந்து ஒரு பகுதியை எழுத்தாளர் குரலில் வாசிக்க வைப்பது அவசியம். அச்சில் ஒரு பக்கம் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும். அதற்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு பேர் மாறி மாறிப் பேசும் காட்சி தாளில் அருமையாக இருக்கும், காதில் குழம்பும். யார் பேசுகிறார் என்பதைக் காட்டும் மேற்கோள் குறி ஒலியில் கிடையாது. ஒரே குரல் ஓடும் பகுதியை, ஒருவர் தனியாக எதையோ செய்துகொண்டிருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, பின் குத்தாமல் கொடுங்கள். புரட்டும் சத்தம் வராது. கவிதை என்றால் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.

எழுத்தாளர் நிறுத்தாமல் பேசுகிறவராக இருந்தால் அவர் மூச்சு விடும் இடத்தில் அவருடைய கடைசிச் சொல்லை எடுத்துச் சொல்லிக்கொண்டே நுழையுங்கள். தன் பேச்சு அறுபட்டதாக அவருக்குத் தோன்றாது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரிடம் புத்தகத்தையே கொடுத்து, குறித்த வரியைப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் அவரே பேசுவார். நடுவில் வானொலியைத் திறக்கும் நேயருக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் பெயரையும் நூல் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

அரை மணி நேர நிகழ்ச்சிக்கு முக்கால் மணி நேரம் பதிந்தால் போதும். இரண்டு மணி நேரம் பதிந்துவிட்டு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இருவருமே தளர்ந்து பேசுவீர்கள். வெட்டும்போது முதலில் உங்கள் கேள்விகளைக் குறையுங்கள். மூச்சுகளையும் யோசிக்கும் இடைவெளிகளையும் விட்டுவையுங்கள். அவை போனால் மனிதர் போய்விடுவார். ஒரு கேள்விக்கு வந்த பதிலை இன்னொரு கேள்விக்குக் கீழே ஒட்டுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். நேயரும் எழுத்தாளரும் உங்களை நம்பித்தான் அந்த அரை மணி நேரத்தைத் தந்தார்கள்.

வெட்டாத முழுப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். ஷிகாகோவின் டபிள்யூஎஃப்எம்டி நிலையத்தில் 1952 முதல் 1997 வரை ஸ்டட்ஸ் டெர்கெல் நடத்திய உரையாடல்களின் நாடாக்கள் பாதுகாக்கப்பட்டதால், 5,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் கொண்ட ஆவணக் காப்பகம் ஒன்று இன்று இருக்கிறது. பதிவைத் தொடங்கும்போதே தேதி, எழுத்தாளர் பெயர், நூல், பதிப்பாண்டு நான்கையும் மைக்கில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் (WAV) கோப்பாகவே வையுங்கள். ஒரு பிரதி நிலையத்தில், இன்னொன்று வேறொரு கட்டடத்தில். பக்க எண்கள் எழுதிய அந்தக் கடைசித் தாளையும் ஒரு படம் எடுத்துக் கோப்போடு சேர்த்துவிடுங்கள். இன்னொரு நாள் அதே எழுத்தாளர் வரும்போது கேட்காமல் விட்ட கேள்விகள் அதில் இருக்கும்.