மங்கலான மண்டபத்துக்கு எந்த பிரைம் லென்ஸ்?

கேமராவோடு வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் ஒளி புகும் துளை எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சிறிது). ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் அதைவிடச் சுமார் 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 12800 கேட்ட இடத்தில் 1250 போதும். எஃப் 1.4-க்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் கிடைப்பது முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவுதான் (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). முதல் லென்ஸுக்கு அது வீண் செலவு.

எந்தக் குவியத்தூரம் (லென்ஸின் மி.மீ. எண்) வேண்டும் என்பது கேமராவின் சென்சாரைப் பொறுத்தது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) என்றால் 50 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அதே 50, ஏறக்குறைய 75 போல நெருக்கிக் காட்டும். மேடைக்கு முன் பின்வாங்க இடமிருக்காது. அதனால் ஏபிஎஸ்-சிக்கு 35 வாங்குங்கள்.

வாங்குமுன் ஆட்டோஃபோகஸ் மோட்டார் லென்ஸிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களில் மோட்டார் கிடையாது, 50 மி.மீ. எஃப் 1.8டி மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சடங்கு அதுவரை காத்திருக்காது.

பழைய லென்ஸ் என்றால், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இழைகளும் துளைத் தகடுகளில் எண்ணெயும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். எண்ணெய் ஒட்டினால் தகடு மெதுவாக மூடும், படம் வெளுத்துப்போகும்.

ஃபுல் ஃபிரேமில், 2 மீட்டரில், 50 மி.மீ. எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 17 செ.மீ. மணமக்களில் ஒருவர் சற்றுப் பின்னால் நின்றாலே முகம் மங்கும். இருவருக்கும் எஃப் 2.8, ஷட்டர் 1/125 நொடி.