சத்தம் வந்தது, படம் வரவில்லை

போனில் எடுத்த வீடியோவை எடிட்டரில் போட்டால் சத்தம் மட்டும் கேட்கிறது, படம் வெறும் கறுப்பு. கோப்பு எம்பி4 தானே, அப்புறம் என்ன கேடு என்று மென்பொருளை இரண்டு முறை அழித்து நிறுவியதுதான் மிச்சம். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்தபோதுதான் புரிந்தது: எம்பி4 வெறும் டப்பா, உள்ளே படம் சுருக்கப்பட்டிருந்தது எச்.265 முறையில், என் பழைய எடிட்டருக்கோ அதற்கு முந்தைய எச்.264 தான் தெரியும். சரி என்று ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு எச்.264-க்கு மாற்றினேன். படம் வந்துவிட்டது, ஆனால் பத்து நிமிடம் தாண்டியதும் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். போன் வீடியோவில் ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, நிலையாக இருப்பதில்லை, அதுதான் காரணம். கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட், நொடிக்கு 30, தரத்துக்கு ஆர்எஃப் 18 (இந்த எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும்) என்று வைத்து மறுபடி மாற்றியதும் எல்லாம் ஒட்டிக்கொண்டது. கோப்பு ஊதிப்போனது, போகட்டும்.